அமைதிப் பணியில் நூல்நிலையம்

நூல் கற்றோர் பகையையும் போரையும் வெறுப்பர் என்று நம்மிற் பலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். விழா மேடைகளிலே இக்கூற்றுக்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆயின் வரலாறு அவ்வாறு சான்று பகரவில்லை. 1933 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆந் திகதி இரவு யேர்மனியின் பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் நூல்கள் குவியல் குவியலாகக் கொளுத்தப்பட்டன. பேர்லின் நகரில் மாத்திரம் 20,000 நூல்களுக்கு மேல் எரிந்தன. கொளுத்தியோர் எழுத்தறியாப் பாமரரல்லர், பல்கலைக்கழக மாணவர். அவர்தஞ் சங்கமே அந்நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தது. எரிக் கெஸ்ற்னர் என்னும் எழுத்தாளர் தம் நூல்கள் எரிவதைக் கூட்டத்தினுள் நின்று தம் கண்ணாற் கண்டார்.

ஆகவே, படிப்பு ஒன்றே அமைதியைத் தந்துவிடாது. தம் கட்சியார் எழுதியதை மாத்திரம் படித்து, மற்றையோர் எழுதியதைத் தொடாதிருத்தலும் ஒருவகைப் படிப்பே. அது மனத்தை விரிப்பதற்கு மாறாக அதனைச் சுற்றி மதில் எழுப்புகின்றது. நம் வீட்டு அலமாரியில் நமக்கு இனியனவே இருக்கும். பொது நூல்நிலையத்தின் இயல்பு வேறு. அங்கே நூல்கள் பொருள் நோக்கி அடுக்கப்படுவனவன்றி, எழுதியவரின் இனம் நோக்கி அடுக்கப்படுவனவல்ல. டூயி என்பார் வகுத்த பகுப்புமுறையிலே பௌத்தத்துக்கு 294.3 என்னும் எண்ணும், இந்து சமயத்துக்கு 294.5 என்னும் எண்ணும் உரியன. இரண்டும் ஒரே தட்டில் அருகருகே நிற்கும். இடையிலே சமணம் 294.4 ஆக அமைதியாய் அமர்ந்திருக்கும். வெளியுலகில் இத்துணை நல்ல அயலவரைக் காண்டல் அரிது!

எரித்த நாட்டிலேயே இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டார் ஒரு பெண்மணி. யெல்லா லெப்மன் என்னும் அவ்வம்மையார் யூத இனத்தவர், பத்திரிகையாளர், கணவரை இழந்தவர். 1936 இல் தம் மக்கள் இருவருடன் யேர்மனியை விட்டு வெளியேறி இலண்டனிற் புகலடைந்தார். 1945 இலே, போர் முடிந்தபின், பெண்கள் இளைஞர் நலன்பற்றிய ஆலோசகராக அமெரிக்கப் படையினர் அவரைத் திருப்பி அழைத்தனர். தம் இனத்தை அழிக்க முயன்றோரின் பிள்ளைகளுக்கு உதவுவதா என்ற தயக்கம் அவருக்கும் இருந்திருத்தல் வேண்டும். எனினும் அவர் சென்றார். உணவும் உடையுமின்றி அலைந்த சிறுவரைக் கண்டபோது, வயிற்றோடு மனமும் பசித்திருக்கிறது என்பதை உணர்ந்தார். பன்னிரண்டாண்டுக் காலமாக வேற்று நாட்டார் யாவரும் பகைவர் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

கையிற் பணமில்லை. ஆதலால் 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதிச் சிறுவர் நூல்களை நன்கொடையாகக் கேட்டார். பெல்ஜியம் மறுத்தது. யேர்மனியப் படைகள் இருமுறை தம் மண்ணுட் புகுந்ததை அவர்கள் எவ்வாறு மறப்பர்? அம்மையார் சினங்கொள்ளவில்லை; மீண்டும் எழுதினார். அப்படைகள் மூன்றாமுறை வாராதிருக்கவேண்டுமாயின், இப்பிள்ளைகளுக்குப் புதியதொரு தொடக்கம் வேண்டுமன்றோ என்பது அக்கடிதத்தின் கருத்து. சிறந்த நூற்றொகுதி ஒன்று பெல்ஜியத்திலிருந்து வந்து சேர்ந்தது.

அந்நூல்கள் 1946 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மியூனிக் நகரிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. நாசிக் கட்சியார் தம் கொள்கைக்கேற்ற கலையைப் போற்றுதற்கெனக் கட்டிய மாளிகையே காட்சிக்கூடமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. போரிட மறுத்துப் பூ முகர்ந்திருக்கும் எருதொன்றின் கதையை அம்மையாரே மொழிபெயர்த்தார். செய்தித்தாட் கடதாசியில் 30,000 பிரதிகள் அச்சிடப்பட்டுப் பேர்லின் சிறுவருக்கு வழங்கப்பட்டன. 1949 இல் மியூனிக்கிலே சர்வதேச இளைஞர் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அங்கே இளைஞர் நூல்களைப்பற்றி உரையாடினர், ஓவியந் தீட்டினர், பிறமொழி கற்றனர். இன்று 200க்கு மேற்பட்ட மொழிகளின் நூல்கள் அங்குள.

நம் நாட்டுக் கதை நமக்குத் தெரியாததன்று. பேர்லினில் நூல்கள் எரிந்த அதே 1933 ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்தில் திரு. க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலிருந்து இலவசமாக நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஆசுபத்திரி வீதியிலே 844 நூல்களுடன் தொடங்கிய நிலையமே, 1959 இல் வெண்மாளிகையாய் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்துக்கு வித்தாயிற்று. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கிய அழிவில் ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. மொழியறிஞர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியால் உயிர்நீத்தார். அம்மாளிகை மீளக் கட்டப்பட்டது. அப்பணிக்கெனச் செங்கல்லும் நூலும் திரட்டும் இயக்கமொன்று தென்னிலங்கையிலும் நடந்தது. அதனை அரசியல் என்று கூறித் தள்ளினோர் உளர். அவர் கூற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் தன் புத்தகம் ஒன்றைக் கொடுத்த சிங்களச் சிறுவன் அரசியல் செய்தான் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இனி மாணவ நண்பர் செய்யக்கூடியது யாது? மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை ஜனாப் உவைஸ் அவர்கள் 'கிராமப் பிறழ்வு' என்னும் பெயரில் தமிழாக்கினார். நம் திருக்குறளோ 1960களிலே சிங்களத்தில் வெளிவந்தது. இவற்றைப் படித்தோர் நம்முள் எத்தனை பேர்? தென்னிலங்கைக் கிராமத்துப் பழங்குடும்பமொன்று சிறிது சிறிதாகச் செல்வமிழக்குங் கதையைப் படிப்பவன், தன் ஊரிலே ஓடு பெயர்ந்து கிடக்கும் நாற்சார் வீட்டை நினையாதிரான். இரண்டாம் மொழியாகச் சிங்களங் கற்கும் மாணவர், பரீட்சைத் தாளோடு அதனை விட்டுவிடாது, சிறுவர் கதை நூல் ஒன்றையேனும் மூலத்திற் படித்து முடிப்பாராக. சனிக்கிழமைகளிற் கிராமத்து வாசிகசாலைக்குச் சென்று, இளஞ் சிறார்க்கு ஒரு மணிநேரம் கதை வாசித்துக் காட்டுதல் உயர்வகுப்பு மாணவருக்கு அரிய செயலன்று.

பழைய மாணவராகிய நாமும் ஒன்றை உணர்தல் நலம். வீட்டிற் பயன்படாத பழைய வழிகாட்டி நூல்களைக் கட்டி அனுப்பிவிட்டு, நூல்நிலையத்துக்கு நன்கொடை அளித்தோம் என்று பெயர்ப் பலகை எதிர்பார்க்கின்றோம். அதனினும், கல்லூரி நூல்நிலையத்தில் மும்மொழி நூல்களும் சேர்ந்து நிற்குமாறு ஒரு தட்டை ஆண்டுதோறும் நிரப்புதலும், பாடசாலை விட்டபின் மாலை 5 மணிவரை கதவு திறந்திருக்க ஒருவருக்கு வேதனம் வழங்குதலும் மாணவருக்குப் பெரிதும் பயன்படும்.