எது கைவினை? பழவேற்காட்டின் ஓலையும் வலையும்

கலால் வரி தொடர்பான லூயிஸ் ஷாப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பாலும் கையால் செய்யப்பட்டு, கண்ணைக் கவரும் அலங்காரத்தைப் பெயரளவில் அன்றிக் கணிசமாகவே கொண்டிருக்கும் பொருளைக் கைவினைப் பொருள் எனக் கொண்டது. செய்முறையின் இடையே சிறிது இயந்திரம் பயன்பட்டாலும் அத்தகுதி கெடுவதில்லை.

பழவேற்காடு ஏரி வட்டாரத்தில் இவ்வரையறையைப் பொருத்திப் பார்த்தால், இஸ்லாமியப் பெண்கள் சாயமேற்றிய பனங்குருத்தோலையை, அதாவது விரியாத இளம் ஓலையை, கீறி முடையும் பெட்டிகளும் கூடைகளும் எளிதில் தேறிவிடுகின்றன. ஒரு காலத்தில் டச்சுக்காரர் வழியே கடல் கடந்து சென்ற பழவேற்காட்டுத் துணியோ கைத்தறி என்னும் தனிப் பிரிவில் அடங்கும். ஜவுளி அமைச்சகத்தில் கைத்தறிக்கும் கைவினைக்கும் வெவ்வேறு ஆணையர்கள் உள்ளனர்.

சிக்கல் வலையில்தான். நைலான் வலை ஆலையில் பின்னப்பட்டு வந்தாலும், மிதவையும் ஈயக் குண்டும் கோத்து, கிழிசலைக் கண்ணி கண்ணியாகப் பொத்துவது மீனவரின் கைத்திறனே. அலங்காரம் இல்லாததால் வரையறை அதை வெளியே நிறுத்துகிறது. அழகை அளந்து பயனை அளக்காத அந்த அளவுகோல் குறையுடையது.