படர்தாமரையும் ஸ்டீராய்டு களிம்பும்

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினை உணவாகக் கொண்டு வளரும் இந்தப் பூஞ்சைக்குத் தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள், மார்பின் அடிமடிப்பு என வியர்வை தங்கி ஈரம் காயாத இடங்கள்தான் தோது. தமிழ்நாட்டின் கோடையும் மழைக்கு முந்தைய புழுக்கமும் அதற்கு வேண்டியதை எல்லாம் செய்து கொடுக்கின்றன. வட்டத்தின் ஓரம் சிவந்து, லேசாக மேடுதட்டி, செதில் உதிர்ந்தபடி இருக்கும். நடுப்பகுதி ஆறிவிட்டது போலத் தெளிந்திருக்கும். நகர்வது அந்த ஓரம்தான். நடுவில் மட்டும் மருந்து தடவினால் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

வெயில் நாட்டில் அரிப்பெல்லாம் படர்தாமரை அல்ல. வியர்வை நாளங்கள் அடைபட்டு முதுகிலும் கழுத்திலும் பொடிப்பொடியாகக் கிளம்புவது வேர்க்குரு. காற்றோட்டம், தளர்ந்த பருத்தித் துணி, குளிர்ந்த நீர் இவை போதும். அதன்மேல் பவுடரை அப்புவது அடைப்பைக் கூட்டவே செய்யும். மார்பிலும் முதுகிலும் வெளிறிப் படரும் தேமலும் ஒரு பூஞ்சையின் வேலைதான். அழகைக் கெடுக்குமே தவிர ஆளைப் படுத்தாது. பூஞ்சை தணிந்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும் என்பது தெரியாமல் பலர் மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் குருக்கள் கிளம்பி, வீட்டில் இன்னொருவரும் சொறியத் தொடங்கினால் சிரங்கு என்று சந்தேகிக்கலாம். தோலுக்குள் வளை தோண்டும் நுண்பூச்சிதான் காரணம். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை இரவில் தடவி, காலையில் குளித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவுவது வழக்கமான சிகிச்சை. அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுவதும், அரிப்பு உள்ளவர் மட்டும் தடவிக்கொள்வதும்தான் இதில் நடக்கும் தவறுகள். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் தடவ வேண்டும்.

உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டைபோல எரிச்சலோடு கொப்புளம் கிளம்புவது அக்கி. இதற்குக் குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் கிராமங்களில் உண்டு. எழுதுவதை விடக் கெடுதல் அதில் கழியும் நாட்களில் இருக்கிறது. வைரஸுக்கான மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவற்றில் எது வந்தாலும் முதலில் கால் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். “அரிப்புக்கு ஏதாவது கொடுங்க” என்றதும் ஒரு ட்யூப் வரும். அதன் அட்டையில் பொடி எழுத்தில் உள்ள கலவையைப் படித்தால் விஷயம் புரியும். ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு பாக்டீரியாக்கொல்லி, கூடவே குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன். கடைசியில் சொன்னவை ஸ்டீராய்டுகள். குளோபெட்டசால் அவற்றிலேயே வீரியம் மிகுந்த வகை. தடவிய மறுநாளே அரிப்பும் சிவப்பும் அடங்கும். கைராசி கடைக்காரருக்குப் போகும். அடங்கியது தோலின் எதிர்ப்பு மட்டுமே. பூஞ்சை தடையின்றி வளர்கிறது. ட்யூப் தீர்ந்ததும் வட்டம் இரண்டு மடங்காகத் திரும்பும், அடுத்த ட்யூப் வாங்கப்படும். சில மாதங்களில் ஓரமும் செதிலும் மறைந்து, அனுபவமுள்ள மருத்துவரே தடுமாறும் அளவுக்குப் படையின் உருவம் மாறிவிடுகிறது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அவை மறைவதே இல்லை. சிவப்பழகுக்காக முகத்தில் தடவியவர்களுக்கு முகப்பரு, ரோம வளர்ச்சி, வெயிலில் நின்றால் எரிச்சல் என்று வேறு வரிசை உண்டு.

பூஞ்சையும் மாறியிருக்கிறது. இந்தியாவில் பரவி, 2020-ல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே பல வேளைகளில் டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு மசிவதில்லை. எனவே முன்பு இரண்டு வாரத்தில் முடிந்த சிகிச்சை இப்போது மாதக்கணக்கில் நீள்கிறது. அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்துவது கூடாது. படை கண்ணுக்கு மறைந்த பிறகும் களிம்பை, அதன் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை, மேலும் இரண்டு வாரமாவது தடவ வேண்டும். இட்ராகொனசோல் போன்ற மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்கும், ஈரல் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஒத்துவராமல் போகலாம். மற்ற மருந்துகளோடும் அவை முட்டிக்கொள்ளும். கடைச் சிபாரிசில் விழுங்கும் சரக்கல்ல அவை.

துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனியாக இருக்க வேண்டும். துவைத்ததை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். பலருக்குத் தோன்றாத இடம் அரைஞாண் கயிறு. நாள் முழுதும் ஈரத்தோடு இடுப்பில் கிடக்கும் அந்தக் கயிற்றிலேயே பூஞ்சை குடியிருந்து, ஆறிய தோலுக்குத் திரும்ப ஏறுகிறது. சிகிச்சை முடியும்வரை அதைக் கழற்றி வைக்கச் சொல்வது தோல் மருத்துவர்களின் வழக்கம்.

சில அறிகுறிகளுக்குத் தோல் மருத்துவருக்காகக் காத்திருக்கக் கூடாது. புதிய மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல் என்று வந்தால் உயிருக்கே ஆபத்து. தடிப்போடு முகம் வீங்கி மூச்சு இழுத்தாலும் அப்படியே. 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலுடன் அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்குக் கட்டுப்படும், தாமதித்தால் உறுப்புகளைச் சாய்க்கும். அரிக்காத, தொட்டால் உணர்ச்சி இல்லாத, வெளிறிய தேமல் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்கான கூட்டு மருந்து இலவசம்.

தோல் மருத்துவரை அடையாளம் காட்டுவது பலகையில் உள்ள பட்டம். எம்.டி. அல்லது டிப்ளமோ பட்டத்தோடு டி.வி.எல். என்று இருந்தால் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றிலும் படித்தவர். ‘ஸ்கின் அண்ட் ஹேர் கிளினிக்’ என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது. பதிவு எண்ணைக் கேட்கலாம், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். கூட்டம் இருக்கும்தான். ஆனால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனைக்கு அங்கே வசதி இருக்கும். பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டே போனால் சோதனையில் பூஞ்சை சிக்காமல் போகலாம். அதுவரை பயன்படுத்திய ட்யூப்கள் அனைத்தையும், காலியானவை உட்பட, எடுத்துச் செல்வது மருத்துவரின் பாதி வேலையை முடிக்கும்.

சட்டம் நோயாளியின் பக்கம்தான் இருக்கிறது, அதைக் கேட்பவர்கள்தான் குறைவு. மேல்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு நெடுங்காலம் மருந்துச்சீட்டு விலக்கு இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை நீக்கி, அவற்றை முழுமையாக ஷெட்யூல் ஹெச் பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பது விதிமீறல். மாவட்ட மருந்துகள் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பேட்ச் எண், காலாவதி தேதியோடு பில் கேட்டு வாங்கியிருந்தால் புகார் கால் ஊன்றி நிற்கும். மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம்.

போலி மருத்துவர் என்று சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல்துறையிடமும் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் இதற்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே நிலைய மருத்துவ அலுவலரிடமோ 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலோ முறையிடலாம். வழக்கோ புகாரோ எதுவானாலும் சிகிச்சை ஆவணங்கள் தேவைப்படும். அவற்றைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கேட்பதை எழுத்தில் கேட்டு, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.