உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஒரு கேபிள் அலுவலகத்தையே முடக்கிவிடும்!

சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றுபோல் வெறிபிடித்துச் சிமிட்டுகின்றனவா? இன்டர்நெட் நிறுவனத்துக்கு போன் போடும் முன் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். சும்மா கிடந்த கேபிளின் இரு முனைகளையும் யாரோ புண்ணியவான் ஒரே சுவிட்சில் செருகியிருக்கலாம். இதுதான் 'லூப்'.

ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு, 255-ஐத் தாண்டாது. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்த வரம்பே கிடையாது. லூப் அமைந்தால் பிராட்காஸ்ட் ஃபிரேம் ஓயாமல் சுற்றும். சுற்றுந்தோறும் மற்ற போர்ட்டுகளுக்கெல்லாம் நகல் பறக்கும். சில நொடிகளில் நெட்வொர்க் திணறிவிடும்.

இதைத் தடுக்கும் 'ஸ்பானிங் ட்ரீ' முறையை 1985-இல் உருவாக்கியவர் ராடியா பெர்ல்மன். அற்புதமான யோசனைதான், ஆனால் அது தாங்கும் நெட்வொர்க் அளவுக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அந்த எல்லையை மீறி வளர்ந்திருந்த நெட்வொர்க் நாட்கணக்கில் தடுமாறியது. மருத்துவர்கள் மறுபடி காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது.

சுவிட்சின் லாகில் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே மாறி மாறித் தாவுகிறதா? முதல் சந்தேகம் லூப் மீதுதான் விழவேண்டும். அந்த இரண்டில் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீயை அணைத்து வைக்காதீர்கள். ஊழியர் மேசைக்குப் போகும் போர்ட்டுகளில், லூப் அமைந்தால் போர்ட்டை மூடிவிடும் 'பிபிடியூ கார்டு' (BPDU Guard) வசதியையும் இன்றே போட்டுவிடுங்கள்.