சொட்டும் குழாயை இறுக்காதீர்கள்

மதுரையில் நாம் திறக்கும் குழாயின் தண்ணீர் நெடுந்தூரம் வந்தது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. அந்த நீர் வைகையில் சேர்கிறது; 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை அதைத் தேக்குகிறது; பண்ணைப்பட்டி நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்கு வருகிறது. இவ்வளவு தூரம் வந்த நீரை வீட்டுக்குள் கடைசியாகத் தடுத்து நிறுத்துவது, கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு ரப்பர் வாஷர். அது தேய்ந்தால் குழாய் சொட்டும்.

வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். ஒரு சொட்டைக் கால் மில்லிலிட்டர் என்று கொண்டாலும் 21 லிட்டருக்கு மேல் வீணாகிறது. கோடையில் ஒரு குடத்துக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் ஊரில், அது ஒரு குடத்துக்கும் கூடுதலான தண்ணீர்.

திருகித் திறக்கும் குழாயின் இன்றைய அமைப்புக்கு 1845இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரிலிருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பு நிறுவனம் காப்புரிமை பெற்றது. நம் வீடுகளின் பித்தளைக் குழாய்கள் பலவற்றில் இன்றும் அதே அமைப்புதான். கைப்பிடியைத் திருகினால் ஸ்பிண்டில் என்னும் தண்டு மரையில் சுழன்று கீழே இறங்கும். அதன் அடியில் உள்ள வாஷர், தண்ணீர் வரும் துளையின் விளிம்பில் அழுந்தி உட்காரும். ரப்பர் மென்மையானது; அழுத்தியதும் விளிம்பின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப நெளிந்து அடைத்துக்கொள்ளும். பித்தளை தேயாமல் இருக்கத் தான் தேய்வதே வாஷரின் வேலை.

சொட்டத் தொடங்கியதும் பலம் கொண்ட மட்டும் இறுக்குவது நம் எல்லோரின் வழக்கம். கேடு அங்கேதான் தொடங்குகிறது. தேய்ந்த ரப்பர் கிழியும். பிறகு உலோகம் உலோகத்தில் உரசும். தண்ணீரோடு வரும் மணல் துகளும் நடுவில் மாட்டி விளிம்பைக் கீறும். விளிம்பு கெட்டால் புது வாஷரும் பயன்படாது. பெரும்பாலும் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும்.

வாஷர் மாற்ற ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். முதலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சிறு திருகுகள் விழுந்துவிடாதபடி குழாய்க்குக் கீழே உள்ள கழுவுதொட்டியின் துளையைத் துணியால் அடையுங்கள். கைப்பிடியைக் கழற்றி, தலைப்பகுதியை ஸ்பானரால் திருகி எடுங்கள். அப்போது குழாயின் உடலை இன்னொரு கையால் அசையாமல் பிடிப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பைப் முறுகி உடையும். பழைய வாஷரை எடுத்து அதே அளவில் புதியதைப் போடுங்கள். விளிம்பைத் துணியால் துடையுங்கள். ஸ்பிண்டிலைத் திறந்த நிலையில் வைத்தே திரும்பப் பொருத்துங்கள்.

கைப்பிடியின் அடியில் கசிந்தால் அங்குள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் குழாயைக் கழற்றி, பழைய டேப்பை எடுத்துவிட்டு, மரை உங்களைப் பார்க்க வைத்து, கடிகார முள் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் பொருத்தும்போது டேப் பிரிந்து வந்துவிடும். கால் திருப்பில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் ரப்பர் வாஷருக்குப் பதிலாக இரண்டு செராமிக் தட்டுகள் இருக்கும். அவை கெட்டால் உள்பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை, உப்புப் படிவு. ஷவரின் துளைகளையும் குழாய் வாய் வலையையும் வெள்ளையாக அடைப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தில் கரையும். வலையைக் கழற்றி வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் குழாயில் பூசாதீர்கள். மேலிருக்கும் குரோம் பூச்சை அது அரித்துவிடும்.

சத்தமில்லாமல் கசிவது ஃப்ளஷ் டேங்க். அதில் சிறிது கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

சுவருக்குள் கசிவு, ஹீட்டர் இணைப்பு ஆகியவற்றுக்குப் பிளம்பரை அழையுங்கள். மாநகராட்சி இணைப்பில் கை வைக்காதீர்கள். மாநகராட்சியிடம் புகார் கொடுங்கள். மற்றவை நம் கைக்குள் அடங்கும் வேலைகள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டின் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மூடித் திறக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். இரண்டு வாஷரும் ஒரு டேப் சுருளும் வாங்கி வையுங்கள். அடுத்த முறை குழாய் சொட்டினால் இறுக்காதீர்கள். திறந்து வாஷரை மாற்றுங்கள்.