நெசவு வகுத்த வீதிகள்

போலந்தின் நடுப்பகுதியில், வார்சாவுக்குத் தென்மேற்கே அமைந்துள்ள வூச், 1423ஆம் ஆண்டிலேயே நகர உரிமை பெற்றிருந்தபோதிலும், 1820இல்கூட ஆயிரம் பேரை எட்டாத சிற்றூராகவே இருந்தது. கோட்டையோ துறைமுகமோ பெருநதியோ இல்லாத அவ்வூர், 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மூன்று லட்சம் மக்களைக் கடந்த ஆலை நகரமாகிவிட்டது. இந்த வளர்ச்சியின் வரலாறு ஆவணங்களில் இருப்பதைப் போலவே அதன் தெருக்களின் அமைப்பிலும் பதிந்திருக்கிறது.

ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த போலந்து அரசு, 1820இல் வூச்சைத் தொழிற்குடியிருப்பாக அறிவித்தது. ரைமுண்ட் ரெம்பியெலின்ஸ்கி என்ற நிர்வாகியின் மேற்பார்வையில் எண்கோண வடிவில் ஒரு சதுக்கம் அமைக்கப்பட்டு, அங்கிருந்து தெற்கு நோக்கிப் பியோத்ர்கோவ்ஸ்கா தெரு நேர்கோடாக இழுக்கப்பட்டது. சாக்சனி, சிலேசியா, பொஹீமியா ஆகிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய நெசவாளருக்கு, தெருப்பக்கம் குறுகியும் பின்பக்கம் நீண்டும் இருந்த மனைகள் அளந்து தரப்பட்டன. முன்னால் தறியுடன் கூடிய வீடு, பின்னால் தோட்டம் என்பதே ஏற்பாடு.

நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அத்தெருவின் இன்றைய தோற்றத்தைத் தீர்மானித்ததும் அந்த மனைகளே. நிலத்தின் விலை ஏறியபோது, அதே நீண்ட மனையில் தெருவைப் பார்த்து அலங்கார முகப்புடைய மாடிக் கட்டடமும், அதன் பின்னே இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி ஒடுங்கிய குடியிருப்புகளும் எழும்பின. வளைவு வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் ஒரு முற்றம், அதற்கும் பின்னே இன்னொரு முற்றம், அதன் கடைசியில் பல இடங்களில் ஒரு பட்டறை எனக் கட்டடங்கள் தொடர்கின்றன. முகப்புகளை மட்டும் பார்த்துத் திரும்புவோர் இந்நகரத்தின் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

நீர் இந்த வரலாற்றின் மற்றொரு அடிப்படையாகும். விஸ்துலா, ஓடர் ஆகிய இரு பேராறுகளின் படுகைகளைப் பிரிக்கும் மேட்டில் நகரம் இருப்பதால், இங்கு ஓடுபவை சிற்றோடைகளே எனினும், சரிவின் காரணமாக அவற்றின் ஓட்டம் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றவும், துணி வெளுக்கவும் போதுமானதாக இருந்தது. யாசியென் ஓடைக்கரையில் லூத்விக் கெயர் 1830களில் கட்டிய 'வெள்ளை ஆலை'யில்தான் 1839இல் நகரத்தின் முதல் நீராவி எந்திரம் இயங்கத் தொடங்கியது. இன்று அது நெசவுத்துறைக்கான மத்திய அருங்காட்சியகமாக உள்ளது. 1850களின் தொடக்கத்தில் போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலிருந்த சுங்க எல்லை நீக்கப்பட்டதும், பேரரசின் பரந்த சந்தை வூச்சின் பருத்தித் துணிக்குத் திறந்துகொண்டது. ஆலைகள் பெருகிய பின்பு சாயக்கழிவு சுமந்த ஓடைகள் பல இடங்களில் நிலத்தடிக் கால்வாய்களுக்குள் அடைக்கப்பட்டன.

அதே யாசியென் கரையில், கார்ல் ஷைப்ளர் 1870களில் எழுப்பிய க்ஷென்ஜி ம்வின் குடியிருப்பு, ஓர் ஆலை தன் தொழிலாளரின் முழு வாழ்வையும் எவ்வாறு தனக்குள் வைத்துக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. கோட்டைச் சுவர் போன்ற செங்கல் நூற்பாலைக்கு எதிரே, கல் பாவிய பாதையின் இருபுறமும் பூச்சில்லாத செங்கல் வீடுகள் ஒரே அளவில் வரிசையாக நிற்கின்றன. 'ஃபமூவா' எனப்படும் இந்த லைன் வீடுகளில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைத்தது ஓர் அறையும், சில நேரங்களில் ஒரு சமையலறையும் மட்டுமே. விறகும் கரியும் வைக்கும் சிறு அறைகள் பின்முற்றத்தில் இருந்தன. பள்ளி, மருத்துவமனை, கடை, தீயணைப்பு நிலையம் ஆகிய அனைத்தையும் நிறுவனமே நடத்தியது. இதனை முதலாளியின் கருணை என்று மட்டும் கொள்வது பிழையாகும். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை, தொழிலாளரைக் கட்டிவைக்கும் வலுவான கயிறாகவும் இருந்தது.

வடமேற்கே ஒக்ரொதோவா தெருவில், யூதத் தொழிலதிபர் இஸ்ரேல் போஸ்னான்ஸ்கியின் ஆலை வளாகம் உள்ளது. மாளிகை, அதை ஒட்டிய ஆலை, தெருவுக்கு எதிர்ப்புறம் தொழிலாளர் குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கும் இவ்விடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் வர்க்க உறவை எந்த நூலைவிடவும் தெளிவாக உணர்த்துகிறது. 1892இன் பொது வேலைநிறுத்தமும் 1905 ஜூனில் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்த கிளர்ச்சியும் இத்தகைய உறவிலிருந்தே பிறந்தன. 1981 ஜூலையில், உணவுத் தட்டுப்பாட்டை எதிர்த்துப் பியோத்ர்கோவ்ஸ்காவில் ஊர்வலம் சென்றவர்களில் பெரும்பான்மையினரும் பெண்களே. ஆலைகளைத் தாங்கியவர்களும் அவர்களே.

1989க்குப் பின், சோவியத் சந்தையை இழந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அப்பெண்கள் பெருமளவில் வேலையிழந்தனர். போஸ்னான்ஸ்கியின் ஆலை 2006இல் 'மனுஃபக்தூரா' என்ற வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது. அவரது மாளிகை நகர அருங்காட்சியகமாக இருக்கிறது. ஷைப்ளரின் மாளிகையில் திரைப்பட அருங்காட்சியகம் இயங்குகிறது. வைதா, பொலான்ஸ்கி, கீஷ்லோவ்ஸ்கி ஆகியோர் பயின்ற திரைப்படப் பள்ளி 1948இல் இந்நகரில் தொடங்கப்பட்டதாகும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் யூதர்கள். வடக்கே பவூத்தி வட்டாரத்தில் நாஜிகள் 1940இல் அமைத்த அடைப்புச்சேரியும், அங்கிருந்து மக்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய ரதேகாஸ்ட் ரயில் நிலையமும் ஒரு பத்தியில் சொல்லி முடிக்கக்கூடியவை அல்ல. அவ்வட்டாரத்தின் தெருக்கள் அடுத்த இதழில் இடம்பெறும்.