அரைக்கால் அங்குலம்!

"ஜீப்புன்னா போதுமா சார்? எந்த ஷாஃப்ட்டு?"

புதுப்பேட்டை கடைக்கார பாய் கேட்டதும் பேந்தப் பேந்த விழித்தேன். என் பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரே ஊளைச் சத்தம். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் இன்ஜின் சக்தியைப் பங்கு பிரிக்கிற பெட்டி அது. பெயர் ஸ்பைசர் 18. வெளியே ஒரே ஜாடை; உள்ளே நடு ஷாஃப்ட் மட்டும் மூன்று தினுசு! உலகப்போர் ஜீப்புக்கு 3/4 அங்குலம். அப்புறம் 1 1/8. அதற்கும் பிறகு 1 1/4. ஷாஃப்ட் மாறினால் கியரும் மாறும்.

இது தெரியாமல் போன மாசமே ஒரு கியர் வாங்கி, பாதிச் சம்பளத்தைத் தொலைத்திருந்தேன். (பி.காம். படித்த லட்சணம்!) பாய் என் தேய்ந்த ஷாஃப்ட்டை வெர்னியரில் பிடித்தார். 1 1/8. நான் வாங்கியிருந்ததோ 1 1/4-க்கு உரியது.

தகர டப்பாவைக் கவிழ்த்துச் சரியான கியரைத் தேடி எடுத்தார். ஊளை நின்றது. ஆயில் ஒழுகுதேங்கறீங்களா? அது அடுத்த சனிக்கிழமை!