மருந்தாளர் கல்வியை நாடுவோர் நூல் தேரும் முறை

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் படித்து, மருந்தின் பெயரையும் அளவையும் சரிபார்த்து, அதனை உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு விளங்க எடுத்துரைப்பவர் மருந்தாளர். மில்லிகிராமுக்கும் மைக்கிரோகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் மருந்தின் அளவு பத்து மடங்காகி விடுகிறது. இத்தகைய பொறுப்புள்ள பணியில் நோயாளியின் மொழியை அறிந்த ஒருவர் இருப்பது பெருநன்மை. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் முதியவர் ஒருவருக்கு, எந்த மாத்திரையை எவ்வேளையில் உண்ண வேண்டும் என்பது தாய்மொழியிலேயே சொல்லப்படுமாயின், மருந்து தன் முழுப் பயனையும் தரும். ஆகவே மாத்தளை மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவர் மருந்தாளராவது அவருடைய குடும்பத்துக்கு மாத்திரமன்றி ஊருக்கும் உதவுவதாகும்.

அக்கல்விக்குள் புகும் வாயில் யாது? மருந்தாளர் படிப்புக்கெனத் தனியானதொரு நுழைவுப் பரீட்சை அரச பல்கலைக்கழகங்களில் இல்லை. பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் நடைபெறும் நான்கு வருடப் பட்டப் படிப்புக்குக் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையே நுழைவுப் பரீட்சையாகும். சுகாதார அமைச்சு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரிப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும்போதும் உயர்தரப் பெறுபேறே அடிப்படையாகிறது. ஆதலால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்று பாடங்களுக்கும் எந்நூல்களைத் தேர்ந்து படிப்பது என்பதே இங்கு ஆராய வேண்டிய வினா.

முதலிற் கையிலெடுக்க வேண்டிய நூல் பாடநூல் அன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலே அது. எக்கற்கைநெறிக்கு எப்பாடங்களில் என்ன தரம் வேண்டும் என்பதும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி பெற வேண்டும் என்பதும் போன்ற விதிகள் அதிலேயே உள்ளன. பிறர் வாய்ச்சொல்லைக் கேட்டு இரண்டு வருடம் படித்தபின் விதியை அறிவதைக் காட்டிலும், விதியை அறிந்து படிக்கத் தொடங்குவது அறிவுடைமை.

அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, புள்ளிகள் எவ்வாறு ஒப்பிடப்படுகின்றன என்பது. 2001ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையில் இசட் புள்ளி முறை கைக்கொள்ளப்பட்டு வருகிறது. ஒரு மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரிப் புள்ளியைக் கழித்து, வரும் தொகையை நியம விலகலால் வகுப்பதே அம்முறை. எடுத்துக்காட்டாக, உயிரியலின் சராசரி 45, நியம விலகல் 20 எனக் கொள்வோம். அதில் 65 பெற்றவரின் இசட் புள்ளி 1 ஆகும். பௌதிகவியலின் சராசரி 30, நியம விலகல் 20 எனின், அதில் 50 பெற்றவருக்கும் இசட் புள்ளி 1 ஆகும். மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. உயிரியலிலும் இரசாயனவியலிலும் தலா 1 பெற்ற ஒருவர் பௌதிகவியலில் 20 புள்ளி மாத்திரம் எடுத்தால், அப்பாடத்தில் அவருடைய இசட் புள்ளி 0.5 குறையாக அமையும். இறுதிப் புள்ளி 0.5 ஆகக் குறைந்துவிடும். மூன்றிலும் 0.7 பெற்ற மற்றொருவர் அவரை எளிதில் முந்திவிடுவார்.

இதிலிருந்து நூல் தேர்வுக்குரிய முதலாவது விதி பிறக்கிறது. விருப்பமான பாடத்துக்கு ஐந்து நூல்களும் வெறுக்கும் பாடத்துக்கு ஒரு நூலும் வாங்குவது பிழை. மருந்தாளராக விரும்புவோர் பெரும்பாலும் உயிரியலில் நாட்டம் உள்ளவர்கள். அவர்கள் பணத்தையும் காலத்தையும் முதலிற் செலவிட வேண்டியது தமக்குக் கடினமான பாடத்திலேயாகும்.

மாத்தளை மாணவர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீத இடங்கள் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அயலிலுள்ள அனுராதபுரமும் பொலன்னறுவையும் அப்பட்டியலில் உள்ளன. மாத்தளை அதில் இல்லை. எனவே தோட்டப் பாடசாலையிற் கல்வியைத் தொடங்கிய மாணவரும் நகரத்துப் பெரிய பாடசாலை மாணவரும் இம்மாவட்டத்தில் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். பல்கலைக்கழக அனுமதிக்காக இப்பரீட்சைக்கு மூன்று முறைக்கு மேல் தோற்றவும் இயலாது. பொருந்தாத நூலை நம்பி இழக்கும் ஒவ்வொரு வருடமும் அம்மூன்றில் ஒன்றை விழுங்கிவிடுகிறது.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது பழமொழி. ஓர் ஆசிரியரின் குறிப்பு, மற்றொருவரின் வினாத்தொகுப்பு, அயல் நாட்டிலிருந்து வந்த வழிகாட்டி, கைத்தொலைபேசியில் வந்துசேரும் எண்ணற்ற பக்கங்கள் எனச் சேர்த்துக்கொண்டே போகும் மாணவர், அவற்றுள் ஒன்றையேனும் முடிவுவரை படித்திருப்பதில்லை. நூலின் பருமனோ அச்சின் அழகோ அதனைத் தேர்வதற்குரிய காரணமாகாது. பரீட்சையை நடத்துவோர் எதனை அளக்கின்றனரோ அதனை அந்நூல் கற்பிக்கின்றதா என்பதே காரணமாதல் வேண்டும்.

அதனை அறிவதற்குரிய கருவிகள் மூன்று. முதலாவது, தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும். ஆசிரியர் வழிகாட்டி ஆசிரியருக்கு மட்டுமே உரியது என எண்ணி மாணவர் அதனைத் தொடுவதில்லை. எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை ஒதுக்கப்பட்டுள்ளது, எவ்விடயம் எவ்வளவு ஆழமாகக் கற்கப்பட வேண்டும் என்பன அதிலேயே குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, அதே நிறுவகம் உயர்தரப் பாடங்களுக்கென வெளியிட்டுள்ள வளநூல்கள். மூன்றாவது, பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளி வழங்கும் திட்டங்களும். இவற்றுட் பெரும்பாலானவற்றை இணையத்தில் விலையின்றிப் பெறலாம். இம்மூன்றும் கையில் இருக்குமாயின், மற்றெந்த நூலையும் உரைத்துப் பார்க்கும் உரைகல் கிடைத்ததாகிவிடும்.

கடந்தகால வினாத்தாள்களைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. 2017இல் அறிமுகமான திருத்திய பாடத்திட்டத்தின்படி முதலாவது பரீட்சை 2019இல் நடைபெற்றது. அதற்கு முந்திய வினாத்தாள்கள் பயனற்றவை அல்ல. எனினும் அவற்றின் ஒவ்வொரு வினாவையும் இன்றைய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, நீக்கப்பட்ட பகுதிக்குரியவற்றை ஒதுக்கிவிடுதல் வேண்டும். விடைகளை மட்டும் பார்த்து மகிழாமல், புள்ளி வழங்கும் திட்டத்தைச் சொல் சொல்லாகப் படிப்பதும் அவசியம். அமைப்புக் கட்டுரை வினாவில் எச்சொல்லுக்குப் புள்ளி கிடைக்கிறது, எக்காரணத்தைக் கூறாவிடின் புள்ளி போகிறது என்பதை வேறெந்த நூலும் அவ்வளவு நேராகச் சொல்வதில்லை.

சொல் என்றவுடன், தமிழ்மொழி மூல மாணவருக்கே உரிய ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதும் முயற்சி இந்நாட்டில் நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கியது. 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவ்வாறு இலங்கையில் ஒரு கலைச்சொல் மரபும் தமிழ்நாட்டில் மற்றொரு மரபும் வளர்ந்தன. இரண்டும் நல்ல தமிழே; ஆயினும் பரீட்சை மண்டபத்தில் இரண்டையும் கலத்தல் தீங்காகும்.

இங்கு கலம், இழையம், நொதியம், காபன், ஒட்சிசன் என வழங்குவன அங்கு முறையே செல், திசு, நொதி, கார்பன், ஆக்சிஜன் என வழங்குகின்றன. இவை வேறுபட்ட சொற்கள் ஆகையால் மாணவர் எளிதிற் கண்டுகொள்வர். ஆபத்து ஒரே சொல் இரு பொருளில் வரும் இடத்திலேதான் உள்ளது. ஒரு பொருளில் அடங்கிய சடப்பொருளின் அளவை இலங்கை நூல்கள் திணிவு என்கின்றன. அதன்மீது புவியீர்ப்பு செலுத்தும் விசையை நிறை என்கின்றன. தமிழ்நாட்டு நூல்களிலோ முன்னையதே நிறை எனப்படுகிறது. பின்னையது எடை எனப்படுகிறது. திசையோடு கூடியதை இங்கு வேகம் என்றும் திசையற்றதைக் கதி என்றும் கூறுகிறோம். அங்கு திசையோடு கூடியது திசைவேகம், திசையற்றது வேகம். இங்கு அமுக்கம் எனப்படுவது அங்கு அழுத்தம். இங்கு அழுத்தம் என்பது மின்னியலில் வரும் வேறொரு கணியம். தமிழ்நாட்டு நூலில் ‘நிறை’ எனக் கண்டு கணக்கைப் பயின்ற மாணவர், இங்குள்ள வினாத்தாளில் அதே சொல்லைக் காணும்போது திணிவை இடுவார். விடை ஏறத்தாழப் பத்து மடங்கு பிழைக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் விளக்கத்துக்கு உதவக்கூடும். ஆனால் அவற்றைப் படிப்போர் பக்கத்திலே சொல் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வாகிய நீட் தேர்வுக்கென அச்சிடப்படும் வழிகாட்டிகளும் இங்கு விற்பனையாகின்றன. 2025ஆம் ஆண்டில் அத்தேர்வு 180 நிமிடத்தில் 180 வினாக்களைக் கொண்டிருந்தது; வினாவுக்கு நான்கு தெரிவுகள்; பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படும். நமது உயர்தரப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் 50 வினாக்கள். வினாவுக்கு ஐந்து தெரிவுகள். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. அங்கு வினாவுக்கு 1 நிமிடம்; இங்கு 2 நிமிடம் 24 விநாடி. அங்கு விரைவு சோதிக்கப்படுகிறது. இங்கு சிந்தனை கூடுதலாகச் சோதிக்கப்படுகிறது. அன்றியும் மூன்று மணித்தியால இரண்டாம் வினாத்தாளில் எழுதவேண்டிய கட்டுரைகளுக்கு அவ்வழிகாட்டிகளில் இடமே இல்லை. பயிற்சிக்காக அவற்றைப் புரட்டலாம். முதன்மை நூலாகக் கொள்ளலாகாது.

தனியார் வகுப்புக் குறிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுள் மிக நல்லவை உண்டு. ஒரு குறிப்பை ஏற்குமுன் மாணவர் ஓர் அலகை மட்டும் எடுத்துச் சோதித்தல் நலம். பாடத்திட்டத்தில் அவ்வலகின்கீழ் உள்ள ஒவ்வொரு விடயமும் அதில் இருக்கின்றதா? அதைப் படித்தபின், குறிப்பைப் பாராமல், அவ்வலகிலிருந்து வந்த கடந்தகால வினாக்களுக்கு விடை எழுத முடிகின்றதா? எழுதிய விடை புள்ளி வழங்கும் திட்டத்தோடு பொருந்துகின்றதா? மூன்றுக்கும் விடை ஆம் எனின் அக்குறிப்பு போதும். வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. இச்சோதனைக்கு ஒரு வாரம் செல்லும். அது காப்பாற்றுவது ஒரு வருடத்தை.

ஆங்கிலத்திற் படிக்கக்கூடியோர் கம்பெல் எழுதிய உயிரியல் போன்ற பெருநூல்களை நாடுகின்றனர். அந்நூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. அதனை முதற்பக்கம் முதல் வாசிக்க முற்படுவது மலையைக் கையால் தோண்டுவது போன்றது. வளநூலில் விளங்காத ஓர் உருவத்தையோ ஒரு செயன்முறையையோ தெளிவதற்கு அதன் உரிய பகுதியை மட்டும் நூலகத்திற் பார்த்துக்கொண்டால் போதும். எனினும் ஆங்கிலத்தை முற்றாக ஒதுக்குவதும் நன்றன்று. பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. ஒவ்வொரு நாளும் படித்த பாடத்திலிருந்து ஐந்து கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கொப்பியில் எழுதிவரும் மாணவர், இரண்டு வருடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு பல்கலைக்கழகத்துக்குள் நுழைவார்.

பணம் குறைந்த குடும்பங்களில் இவையெல்லாம் எங்ஙனம் கூடும் என வினவலாம். வளநூல்களும் வினாத்தாள்களும் அச்சிடப்பட்ட ஒரு முழுத்தொகுதி பாடசாலை நூலகத்தில் இருக்குமாயின் ஒரு வகுப்பு முழுவதற்கும் அது பயன்படும். நான்கு மாணவர் கூடி ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிப் படிக்கலாம். பழைய மாணவர் சங்கங்களும் தோட்டத்து நலன்புரி மன்றங்களும் பரிசளிப்பு விழாவில் கேடயங்களுக்குப் பதிலாக இந்நூல்களை வழங்கினால், அப்பரிசு அடுத்த வகுப்புக்கும் கைமாறும்.

பெற்றோர் பிள்ளையிடம் எத்தனை நூல்கள் உள்ளன என எண்ணிப் பார்ப்பதைவிட, கடந்த வாரம் எத்தனை வினாக்களுக்கு முழுமையாக விடை எழுதினாய் என்று கேட்பது பயன் தரும். அவ்விடைத்தாள்களே மருந்தாளர் கல்வியின் வாயிலைத் திறப்பவை. அலுமாரியில் அடுக்கிய நூல்கள் அல்ல.